தண்ணில போட்டாலும் சாகாத வேப்: நம்பி வாங்கலாமா?

மழைநாள் ஓட்டுநர் | 2025 ஜூன் 12, வியாழன்

இங்கிலாந்துல, கோவென்ட்ரில ராத்திரி சாப்பாடு டெலிவரி ஓட்டுறேன். டிஸ்போசபிள் வேப் (தீந்ததும் தூக்கிப் போடுற எலக்ட்ரானிக் சிகரெட்) விக்கிறதை இந்த மாசம் 1ஆம் தேதியோட நாடு முழுக்க நிறுத்திட்டாங்க. கடைக்காரர் குட்டையா, தடியா, ரப்பர் போர்த்தின, திரும்பத் திரும்ப சார்ஜ் போட்டு ஊத்திக்கிற வேப் ஒண்ணைக் காட்டி "தண்ணில போடு, மண்ணுல புதை, மாடிலேர்ந்து எறி, ஒண்ணும் ஆகாது"ங்கறார். இதே பேச்சை நம்பி வாங்கின போன் என்கிட்ட ஒண்ணு இருக்கு, இப்ப பேப்பர் வெயிட். வேலை இடத்துல இதை நிஜமா அடிச்சுப் பார்த்தவங்க யாராவது இருக்கீங்களா? விளம்பரப் பேச்சு வேண்டாம்.

சாரக்காரன் | 2025 ஜூன் 14, சனி

நான் வெச்சிருக்கேன், மூணு வாரம் ஆச்சு. லீட்ஸ் பக்கம் கட்டட வேலை. அளவெடுக்கிறது, சாரம் ஏறி இறங்குறது, மீதி நேரம் மழை எப்ப நிக்கும்னு வானத்தைப் பார்க்கிறது. தூத்துக்குடில கோல்ட் ஃபிளேக் சிகரெட்ல ஆரம்பிச்சவன், இங்க விலையைப் பார்த்துட்டு தாள்ல சுருட்டிப் பிடிக்கிற புகையிலைக்கு இறங்கினேன். மொத்தம் பதினாலு வருஷம். கடைசி ஒன்றரை வருஷமா டிஸ்போசபிள். அது நனைஞ்சா செத்துடும், குனிஞ்சா பையிலேர்ந்து விழுந்துடும், விழுந்தா வாய் வைக்கிற இடம் உடைஞ்சுடும். தடை வர்றதுக்கு ஒரு வாரம் முன்னாடி இதை வாங்கிட்டேன்.

பேர் சொல்லல. நல்லதும் சொல்லுவேன், கெட்டதும் சொல்லுவேன், ரெண்டுக்கும் கம்பெனிக்காரன் வந்து நிக்க வேண்டாம்.

ரெண்டு தீப்பெட்டியை ஒண்ணு மேல ஒண்ணு நிறுத்தி வெச்ச உயரம். உள்ளயே பேட்டரி, 1500 எம்ஏஹெச். மேல காந்தத்துல ஒட்டிக்கிற பாட், அதாவது ஜூஸ்ங்கற நிகோட்டின் திரவத்தை ஊத்துற குப்பி, 2 மில்லி பிடிக்கும். அதுக்கு மேல பிடிக்கிறதை இங்க விக்கக் கூடாது, 2016ல வந்த விதி. ஜூஸ்ல நிகோட்டின் மில்லிக்கு 20 மில்லிகிராம் தாண்டக் கூடாது, பாட்டில் 10 மில்லிக்கு மேல கூடாது, இதுவும் அதே விதிதான்.

பெட்டில ஐபி 67னு போட்டிருக்கும். 6 தூசிக்கு, 7 தண்ணிக்கு. தூசி உள்ள நுழையாது, ஒரு மீட்டர் ஆழத்துல அரை மணி நேரம் கிடந்தாலும் கெடுற அளவுக்குத் தண்ணி புகாதுன்னு அர்த்தம். எந்தத் தண்ணிங்கறதுதான் கேள்வி. சோதனை பண்றது அசையாத நல்ல தண்ணில. கடல் தண்ணி, சோப்புத் தண்ணி, வாஷிங் மெஷின் சுத்து எதுவும் அதுல சேராது. மாடிலேர்ந்து எறிஞ்சா தாங்குமான்னும் அந்த நம்பர் சொல்லாது. கடைக்காரர் மூணையும் சேர்த்துச் சொன்னது அவரோட சொந்தக் கற்பனை.

சிகரெட் பழக்கமே இல்லாம சும்மா ஆசைக்கு இதைப் படிக்கிற தம்பிகள் இங்கயே திரும்பிடுங்க. உங்களுக்கு இதுல ஒண்ணும் இல்ல.

சாரக்காரன் | 2025 ஜூன் 15, ஞாயிறு

நேத்து முக்கியமானதை விட்டுட்டேன். அந்த 67 வேப்போட உடம்புக்கு மட்டும்தான், பாட்டுக்குக் கிடையாது. (பாடுற பாட்டு இல்ல, பாட். தமிழ்ல வேற்றுமை உருபு சேர்த்தா இந்தக் கூத்துதான்.) காத்து போக ஓட்டை வெச்ச பொருள் எப்படித் தண்ணியைத் தடுக்கும்?

காலைல வாளில பத்து நிமிஷம் போட்டுப் பார்த்தேன். மனைவி பார்த்த பார்வைக்குத் தனி இழை திறக்கணும். எடுத்துத் துடைச்சா திரை ஜம்முனு எரியுது. இழுத்தா குளுகுளுகுளுன்னு ஹுக்கா சத்தம், நாக்குல மாம்பழ வாசனையோட குழாய்த் தண்ணி. பாட்டைக் கழட்டி உதறி, ஜூஸைக் கொட்டி, காயிலையே (ஜூஸைச் சூடாக்கி ஆவியாக்குற கம்பிச் சுருள்) மாத்த வேண்டியதாப் போச்சு. மழை தாங்கும். வாய்க்கால்ல விழுந்தா உடம்பு பிழைக்கும், பாட் பிழைக்காது.

சாரக்காரன் | 2025 ஜூன் 19, வியாழன்

இதை எழுதறதா வேண்டாமான்னு ரெண்டு நாளா யோசிச்சேன். தம்பி, நீ டிஸ்போசபிள்லேர்ந்து வர்றதால உனக்கும் இதே கதி நேரும், அதனால எழுதறேன்.

பெட்டியோட ரெண்டு காயில் வரும். எனக்கு வந்தது 0.4 ஓம் ஒண்ணு, 1.2 ஓம் ஒண்ணு (ஓம்ங்கறது கம்பியோட மின்தடை). முதல் நாள் 0.4ஐ மாட்டினேன். டிஸ்போசபிள்ல இருந்த அதே 20 மில்லிகிராம் சால்ட் ஜூஸை ஊத்தினேன். 25 வாட் வெச்சு காலைல சைட்டு வாசல்ல மூணு இழுப்பு. அடுத்த நிமிஷம் பாதுகாப்புக் கூட்டம். இருபது பேர் வட்டமா நிக்கிறாங்க, போர்மேன் கிரேன் பத்திப் பேசறார், எனக்கு விக்கல். நிக்கவே மாட்டேங்குது. தலை சுத்துது, உள்ளங்கை வேர்க்குது. போலந்துக்காரர் ஒருத்தர் தண்ணி பாட்டில் நீட்டினார். எங்க ஆத்தாவா இருந்தா "யாரோ நெனைக்காவ"ன்னு விட்டிருக்கும். நெனைச்சது நிகோட்டின்.

விஷயம் இதுதான். டிஸ்போசபிள்ல வாட் கம்மி, ஆவி கம்மி. அதனால ஜூஸ் காரமா இருந்தாலும் ஒரு இழுப்புல உள்ள போறது கொஞ்சம்தான். 0.4 ஓம்ல 25 வாட்டுன்னா ஆவி பல மடங்கு, அதே காரத்தோட. சால்ட்ல பென்சாயிக் அமிலம் மாதிரி ஒண்ணு கலந்திருக்கிறதால தொண்டை எரியாது. எரிஞ்சிருந்தா நிறுத்தியிருப்பேன். பெரிய ஆவிக்கு 3 மில்லிகிராம், 6 மில்லிகிராம் ஜூஸ். 20 சால்ட் வேணும்னா 1.2 ஓம், 12 வாட் பக்கம், சிகரெட் மாதிரி வாய்ல இழுத்து உள்ள விடுறது. அன்னைக்குச் சாயங்காலமே காயிலை மாத்திட்டேன்.

புதுக் காயில் போட்டா ஜூஸ் ஊத்திப் பத்து நிமிஷம் சும்மா வைக்கணும். பஞ்சு நனையறதுக்கு முன்னாடி அமுக்கினா பஞ்சு கருகிடும். அந்தக் காந்தல் ருசி அந்தக் காயில் இருக்கிற வரைக்கும் போகாது.

சாரக்காரன் | 2025 ஜூன் 21, சனி

சார்ஜ் எத்தனை நேரம் நிக்கும்னு ஒருத்தர் கேட்டிருந்தார். கணக்கு போட்டுப் பார்ப்போம். 1500 எம்ஏஹெச், 5 வோல்ட், அப்ப 7.5 வாட் அவர். 25 வாட்ல ஓட்டினா 18 நிமிஷம். ஒரு இழுப்பு 3 நொடின்னா 360 இழுப்பு. ரெண்டு நாள் தாராளம்.

சாரக்காரன் | 2025 ஜூன் 22, ஞாயிறு

மேல போட்ட கணக்கு தப்பு. 5 வோல்ட் சார்ஜர் வயர்ல வர்றது, பேட்டரி 3.7 வோல்ட்னு ஒரு அக்கா எடுத்துச் சொல்லிட்டாங்க. டிப்ளமோ எலக்ட்ரிக்கல் படிச்சவன் நான், வாத்தியார் பார்த்தா பெஞ்சு மேல ஏத்துவார். சரியான கணக்கு: 5.55 வாட் அவர், 25 வாட்ல 13 நிமிஷம் சொச்சம், 266 இழுப்பு. 12 வாட்ல 550க்குக் கிட்ட. இதுவும் ஏட்டுச் சுரைக்காய்தான். பேட்டரி கடைசிச் சொட்டு வரை விடாது, சர்க்யூட் கொஞ்சம் தின்னும்.

அளந்துடுவோம்னு ஜிப்சம் பலகைத் துண்டுல பென்சிலால கோடு போட்டு எண்ண ஆரம்பிச்சிருக்கேன். அஞ்சு கோடு ஒரு கட்டு.

சாரக்காரன் | 2025 ஜூலை 11, வெள்ளி

விழுந்துடுச்சு. சாரத்தோட ரெண்டாவது தட்டுலேர்ந்து, நாலு மீட்டர் இருக்கும். சட்டைப்பையிலேர்ந்து வழுக்கி, குழாய்ல ஒரு மோது மோதி, கீழ ஜல்லில. போய் எடுத்தா உடம்புல ஒரு மூலை ரப்பர் பிஞ்சிருக்கு, உலோகம் லேசா நசுங்கல், திரை நல்லா இருக்கு, அமுக்கினா வேலை செய்யுது. பாட் மட்டும் தனியாத் தெறிச்சு ஓரத்துல விரிசல், ஜூஸ் ஒழுகுது. மறுபடியும் அதே கதை, உடம்பு கல்லு, பாட் கண்ணாடி. ரெண்டு பாட் கூடுதலா வாங்கி வெச்சுக்கோங்க.

அடி தாங்குதான்னு நான் பார்த்துட்டிருக்கேன், போர்மேன் வேற கேட்டார். "கீழ ஆள் நின்னிருந்தா?" பதில் இல்ல. நூத்தம்பது கிராம் இரும்பு நாலு மீட்டர் உயரத்துலேர்ந்து. ஹெல்மெட் இருந்தாத் தலை தப்பும், தோள்பட்டைக்கு யார் பதில் சொல்றது? அன்னையிலேர்ந்து கயிறு கட்டி இடுப்புல மாட்டிக்கிறேன்.

சாரக்காரன் | 2025 ஜூலை 30, புதன்

தூசி. தண்ணிக்குப் பயந்தேன், தூசிதான் ஆளைக் காட்டுச்சு.

ரெண்டு நாளா "பாட் இல்லை"ன்னு திரைல எழுத்து வருது. கழட்டி மாட்டினா சரியாகும், மறுபடி வரும். பேட்டரி போச்சு, 30 பவுண்டு போச்சுன்னு நெனைச்சேன். வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்தா காந்தத்தைச் சுத்தி மீசை முளைச்சிருக்கு. இரும்புத்தூள்! பக்கத்துல கிரைண்டர்ல கம்பி அறுக்கிறாங்க, தூள் காத்துல வருது, காந்தம் வா வான்னு கூப்பிட்டு வெச்சுக்குது. பாட்டுக்குக் கரண்ட் போற ரெண்டு பித்தளைக் காலுக்கு நடுவுலயும் போய் உக்காந்திருக்கு. துணியால துடைச்சா நகருதே தவிர வரல. செல்லோடேப்பை அமுக்கி அமுக்கி எடுத்தேன், வந்துடுச்சு. பெட்டில இருக்கிற 6க்கு இதுல சம்பந்தமே இல்ல, தூள் உள்ள போகல, வெளிய உக்காந்தே வேலையைக் கெடுத்துடுச்சு.

உன் டெலிவரி வேலைக்கு இது வராது தம்பி. வெல்டிங், லேத், கிரைண்டர் பக்கம் நிக்கிறவங்க காந்தத்துல ஒட்டுற பாட்டை விட்டுட்டு மரை திருகுற டேங்க் பாருங்க.

ஜிப்சம் பலகைக் கணக்கு: 12 வாட்ல ஒரு சார்ஜுக்கு 400 பக்கம்தான். ஒரு தடவை 412, ஒரு தடவை 380 சொச்சத்துல பலகையைக் குப்பைல போட்டுட்டாங்க.

சாரக்காரன் | 2025 ஆகஸ்ட் 9, சனி

"காசு வாங்கிட்டு எழுதறியா"ன்னு கேட்ட அண்ணனுக்கு: பேரே சொல்லாம விளம்பரம் பண்ற திறமை இருந்தா நான் ஏன்ணே மழைல சாரத்துல நிக்கேன்?

"அமெரிக்கால வேப் அடிச்சு நுரையீரல் போய்ச் செத்தாங்களே, அதை ஏன் எழுதல"ன்னு கேட்டவருக்கு: நியாயமான கேள்வி. அது 2019. 2020 பிப்ரவரி வரைக்கும் 2,807 பேர் ஆஸ்பத்திரில சேர்ந்தாங்க இல்ல இறந்தாங்க, அதுல இறந்தவங்க 68 பேர். பெரும்பாலும் கஞ்சாச் சத்து ஊத்தின கள்ளக் கார்ட்ரிட்ஜ், அதைக் கெட்டியாக்கக் கலந்த வைட்டமின் ஈ அசிட்டேட்தான் முக்கியக் காரணம்னு சொன்னாங்க. கடை ஜூஸ்ல அந்த எண்ணெய் கிடையாது. அதுக்காகக் கடை ஜூஸ் இளநீர்னு நான் சொல்லல. இருபது வருஷம் இழுத்தா என்ன ஆகும்னு சொல்றதுக்கு இருபது வருஷம் இழுத்த கூட்டமே இன்னும் சரியாச் சேரல.

சாரக்காரன் | 2025 செப்டம்பர் 14, ஞாயிறு

இன்னைக்கு வேப் பத்தி ஒண்ணும் இல்ல, சும்மா.

எங்க தெரு முக்குப் பெட்டிக்கடைல ஒரு கயிறு தொங்கும். நுனி எப்பவும் கனிஞ்சுட்டே இருக்கும். ஒத்தை சிகரெட் வாங்கி அந்தக் கயித்துல பத்த வெச்சு, பக்கத்துல டீக்கிளாஸோட நின்னு, முடிஞ்சதும் காலால நசுக்கிட்டுப் போறது. பாக்கெட் வாங்கறது சம்பளத்தன்னைக்கு மட்டும். காசு இல்லாததுதான் அப்ப கட்டுப்பாடு.

இந்த வேப்பை இப்ப இருக்கிற மாதிரி கொண்டுவந்தது ஹான் லிக்னு ஒரு சீன மருந்தாளர், 2003ல. அவரும் பெரிய புகைகாரர், அப்பா நுரையீரல் புற்றுநோய்ல போனவர். கனவுல இவர் மூழ்குற மாதிரி வந்து கடல் ஆவியா மாறிச்சுன்னு ஒரு கதை சொல்லுவாங்க, அது எவ்வளவு நிஜமோ. அப்பா விஷயம் நிஜம். எங்க அப்பாவுக்கும் இருமல்தான். அதுக்கு மேல இங்க வேண்டாம்.

சாரக்காரன் | 2025 அக்டோபர் 27, திங்கள்

சார்ஜ் போடுற ஓட்டையை ஒரு குட்டி ரப்பர் மூடி மூடியிருக்கும். ஐபி 67 மொத்தமும் அந்த நகத்தளவு மூடிலதான் தொங்குது. தினம் திறந்து மூடி, திறந்து மூடி, அஞ்சு மாசத்துல பிஞ்சு கைல வந்துடுச்சு. டேப் ஒட்டிச் சமாளிச்சேன். வெள்ளிக்கிழமை சைட்டுல நல்ல மழை. ராத்திரி வயர் சொருகினா சார்ஜ் ஏறல.

முதல்ல வயர் மேல சந்தேகம். இதுல ஒரு விஷயம் சொல்லணும்: இந்த மாதிரி சாதனங்கள் சிலதுக்கு ரெண்டு பக்கமும் டைப் சி இருக்கிற வயர் ஆகாது, ஒரு பக்கம் பழைய தட்டை முனை இருக்கணும். சார்ஜர் "நீ யாரு"ன்னு கேக்கும், பதில் சொல்ற சின்ன ரெசிஸ்டரை மிச்சம் பிடிக்கன்னு போடாம விட்டிருப்பாங்க. அந்த வயரையும் போட்டுப் பார்த்தேன், ஏறல. ஓட்டைல ஈரம். அரிசிப் பானைல புதைக்கிறதெல்லாம் வேண்டாம், மாவு போய் அடையும். காத்தோட்டமா ஜன்னல் ஓரம் வெச்சுட்டேன்.

சனி, ஞாயிறு ரெண்டு நாள் கைல ஒண்ணும் இல்ல. கடை நடக்கிற தூரம்தான், பிடிவாதமாப் போகல. அப்பத்தான் ஒண்ணு தட்டுப்பட்டுச்சு. என் கை எத்தனை தடவை பைக்குப் போகுதுன்னு. பல் தேய்க்க முன்னாடி. கக்கூஸ்ல. ரொட்டி டோஸ்டர்ல இருக்கிற ரெண்டு நிமிஷத்துல. பிள்ளைக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுக்கும்போது "அப்பா இதோ வர்றேன்"னு எழுந்திருக்கேன், எதுக்குன்னு பாதி வழில தெரியுது. இந்த இடங்கள்ல எதுலயும் நான் சிகரெட் பிடிச்சதே கிடையாது.

ஜிப்சம் பலகைல நான் எண்ணினது பேட்டரியை. ஆளை எண்ணல. 400 இழுப்பு ஒரு சார்ஜ், ரெண்டு நாளைக்கு ஒரு சார்ஜ். அப்ப நாளைக்கு 200. ஒரு சிகரெட்டுக்குப் பத்து இழுப்புன்னு வெச்சா இருபது சிகரெட். நான் பிடிச்சது நாளைக்குப் பன்னெண்டு! வேப் இழுப்பையும் சிகரெட் இழுப்பையும் அப்படிச் சமமா வைக்கக் கூடாது, தெரியும். ஆனா கை போற கணக்கு அதுதானே.

இன்னைக்குக் காலைல ஓட்டை காஞ்சு சார்ஜ் ஏறிடுச்சு. சந்தோஷப்பட்டேனான்னு கேக்காதீங்க. பட்டேன்.

சாரக்காரன் | 2025 அக்டோபர் 28, செவ்வாய்

ஜூலை 11ல எழுதினதை ஒண்ணு திருத்தணும். "சட்டைப்பையிலேர்ந்து வழுக்கி"ன்னு போட்டிருந்தேன். வழுக்கல. கைல இருந்துச்சு. சாரத்து மேல, யாரும் பார்க்காத மூலைல இழுத்துட்டிருந்தேன், அளவு நாடாவை எடுக்கப்போய் விட்டுட்டேன். சைட்டுல அதுக்குன்னு கூரை போட்ட இடம் இருக்கு, அங்கதான் பிடிக்கணும். பதினாலு வருஷத்துல சாரத்து மேல ஒரு சிகரெட் பத்த வெச்சதில்ல நான். வாசனை வரும், சாம்பல் விழும், மாட்டிக்குவேன். இதுக்கு எதுவும் இல்லையே.

சாரக்காரன் | 2025 நவம்பர் 22, சனி

குளிர். காலைல பூஜ்யம். ஜூஸ்ல ரெண்டு சரக்கு: பிஜி (புரொப்பிலீன் கிளைக்கால்) தண்ணியா இருக்கும், விஜி (தாவர கிளிசரின்) பாகு மாதிரி இருக்கும். 70 பங்கு விஜி போட்ட ஜூஸ் இந்தக் குளிருக்குச் சீனிப்பாகு பதத்துக்கு வந்து, காயில் ஓட்டைக்குள்ள இறங்க மாட்டேங்குது. முதல் இழுப்பே கருகல். சின்னப் பாட்டுக்குப் பாதிக்குப் பாதி ஜூஸ்தான் சரி. காலைல உள்சட்டைப் பையில கொஞ்சம் சூடு பண்ணிட்டு இழுங்க. அப்ப சட்டை ஈரமாகும், கசியும். எதையாவது ஒண்ணைத் தாங்கிக்கணும்.

சாரக்காரன் | 2025 டிசம்பர் 13, சனி

பொங்கலுக்கு ஊருக்குப் போறேன், மூணு வாரம். "வேப் எடுத்துட்டுப் போலாமா"ன்னு இதுவரைக்கும் மூணு பேர் கேட்டிருக்கீங்க. எடுத்துட்டுப் போகாதீங்க. இந்தியால 2019 செப்டம்பர்ல அவசரச் சட்டம், அந்த வருஷக் கடைசியில முழுச் சட்டம். தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம், சேமிப்பு எல்லாத்துக்கும் தடை. முதல் தடவை இறக்குமதி பண்ணி மாட்டினா ஒரு வருஷம் வரைக்கும் சிறை, இல்ல ஒரு லட்சம் வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டும். "சொந்த உபயோகத்துக்குத்தான் சார், இது இறக்குமதி ஆகாது"ன்னு கஸ்டம்ஸ் மேசை முன்னாடி நின்னு இலக்கணம் பேச எனக்குத் தெம்பு இல்ல. சிங்கப்பூர் வழியா திருச்சி போறவங்களுக்கு: அங்க 2018 பிப்ரவரிலேர்ந்து கைல வெச்சிருந்தாலே குற்றம், இந்த செப்டம்பர்ல இன்னும் இறுக்கிட்டாங்க.

மத்த நாடுகளுக்குப் போறவங்க கைப்பையில வைங்க, பெட்டில போடாதீங்க. லித்தியம் பேட்டரி சரக்கு அறைல தீப்பிடிச்சா அணைக்க ஆள் கிடையாது.

நான் மேசை டிராயர்ல வெச்சுப் பூட்டிட்டுப் போறேன். நிகோட்டின் சூயிங்கம் 2 மில்லிகிராம் ரெண்டு அட்டை பையில.

சாரக்காரன் | 2026 ஜனவரி 19, திங்கள்

ஊர்லேர்ந்து எழுதறேன். மொட்டை மாடி, கொசு, பக்கத்துக் கோயில்ல ஸ்பீக்கர்.

முதல் நாலு நாள் சூயிங்கம் ஓடுச்சு. அஞ்சாம் நாள் மச்சான் பெட்டிக்கடைக்குக் கூட்டிட்டுப் போனார். கயிறு இல்ல, இப்ப லைட்டரைத்தான் நூல்ல கட்டித் தொங்க விட்டிருக்காங்க. ஒண்ணு வாங்கி நீட்டினார். வாங்கிட்டேன். ஆமா, பிடிச்சேன். திட்டறவங்க திட்டிக்கோங்க. மறுநாளும் ஒண்ணு. மொத்தம் ரெண்டு.

ருசி கேவலம். பழைய துணி எரிச்ச மாதிரி, விரல் நாத்தம் ராத்திரி வரைக்கும். ஆனா ஒண்ணு கவனிச்சேன். பிடிச்சு முடிச்சதும் முடிஞ்சுபோச்சு. நுனி சுட்டுச்சு, கீழ போட்டேன், நசுக்கினேன், பேசிட்டே வீட்டுக்கு வந்துட்டோம். அடுத்த நாலு மணி நேரம் அது ஞாபகமே வரல. என் டிராயர்ல கிடக்கிறதுக்கு அந்த நுனி கிடையாது. நனையாம, உடையாம, தீராம பையில கிடக்கும். அது கூப்பிடும்போதெல்லாம் நான் போவேன்.

இதைப் படிச்சுட்டு "அப்ப சிகரெட்டே மேல்"னு யாரும் கிளம்பிடாதீங்க. எரியற புகைல இருக்கிற தாரும் கார்பன் மோனாக்சைடும் எங்க அப்பா நெஞ்சுல என்ன பண்ணிச்சுன்னு பார்த்தவன் நான். சிகரெட்டுக்குத் திரும்பல, திரும்பவும் மாட்டேன். நான் சொல்றது அளவு பத்தி.

சாரக்காரன் | 2026 பிப்ரவரி 8, ஞாயிறு

இதைப் பத்தி ஏதாவது ஆய்வு இருக்கான்னு ஒரு டாக்டர் தங்கச்சிகிட்ட கேட்டேன், ஒண்ணு அனுப்பினாங்க. 2019ல வந்தது, இங்கிலாந்துல புகையை விடணும்னு வந்த 886 பேரை ரெண்டாப் பிரிச்சு ஒரு பாதிக்கு வேப், ஒரு பாதிக்குத் தோல்ல ஒட்டுற நிகோட்டின் பட்டை, சூயிங்கம் மாதிரி. ஒரு வருஷம் கழிச்சு சிகரெட்டை விட்டிருந்தவங்க வேப் பக்கம் 18 சதவீதம், இந்தப் பக்கம் 9.9. கிட்டத்தட்ட ரெட்டிப்பு. நான் அந்த 18ல ஒருத்தன், அதுல எனக்குப் பெருமைதான்.

அடுத்த வரியைப் பாருங்க. அப்படி விட்டவங்கள்ல வேப் கூட்டத்துல 80 சதவீதம் பேர் வருஷக் கடைசியிலயும் வேப் அடிச்சுட்டே இருந்தாங்க. பட்டை, சூயிங்கம் கூட்டத்துல இன்னும் அதைத் தொட்டுட்டு இருந்தது 9 சதவீதம். ரெண்டு வரியையும் சேர்த்துப் படிச்சா என் டிராயர் கண் முன்னாடி வருது.

தம்பி, எட்டு மாசம் முன்னாடி நீ கேட்டதுக்கு இப்ப நேரடியாப் பதில். மழைல ஓட்டுறவனுக்கு வாங்கலாம். உடம்பு தாங்கும், பாட் தாங்காது, மூடி பிய்யும். 1.2 ஓம் காயில், பாதிக்குப் பாதி ஜூஸ், கயிறு. வண்டியை நிறுத்திட்டு மட்டும் இழு. பேட்டரியை எண்ணாதே, உன்னை எண்ணு. 2026 அக்டோபர் 1லேர்ந்து 10 மில்லி ஜூஸுக்கு 2.20 பவுண்டு வரி வேற வருது, அதுக்கு முன்னாடி குறைச்சா பையும் தப்பும்.

நான் 20 மில்லிகிராம் ஜூஸ்லேர்ந்து 10க்கு இறங்கியாச்சு. சனிக்கிழமை 6 போட்டுப் பார்த்தேன், மதியத்துக்குள்ள பிள்ளைகிட்ட ரெண்டு தடவை எரிஞ்சு விழுந்தேன், மறுபடி 10. வீட்டுக்குள்ள இழுக்கிறதில்ல. இழுக்கணும்னா செருப்பு போட்டு வெளிய போகணும், அதுதான் சட்டம். சட்டம் போட்டது மனைவி. குளிர்ல செருப்பு தேடுற சோம்பேறித்தனத்துக்கே நாளைக்கு 200, 90 ஆயிருக்கு. இந்தத் தடவை எண்ணினது ஆளை.

சாரக்காரன் | 2026 மார்ச் 15, ஞாயிறு

ரப்பர் பிசுபிசுக்க ஆரம்பிச்சுடுச்சு. கை எண்ணெய், வியர்வை, ஜூஸ் எல்லாம் ஊறி, எடுத்தா பசை மாதிரி விரல்ல ஒட்டுது. ஸ்பிரிட் போட்டுத் துடைச்சேன், கறுப்புச் சாயம் துணில வந்துச்சு, பிசுபிசுப்பு அப்படியே.

கடைல போய் அந்தச் சார்ஜ் ஓட்டை மூடி மட்டும் தனியாக் கிடைக்குமான்னு கேட்டேன். நகத்தளவு ரப்பர். கிடைக்காதாம், புதுசு வாங்கிக்கோங்க, இப்ப இதைவிடச் சின்னதா, இன்னும் கெட்டியா ஒண்ணு வந்திருக்குன்னு எடுத்துக் காட்டினார். அதை வாங்கி உள்ளங்கைல வெச்சுப் பார்த்தேன். நல்லாத்தான் இருந்துச்சு. திருப்பிக் கொடுத்துட்டு சைக்கிள் கடைல ரெண்டு பென்ஸுக்கு ஒரு ரப்பர் துண்டு வாங்கி வெட்டி ஒட்டியிருக்கேன்.

யார்கிட்டயாவது செத்துப்போன பழைய உருப்படி இருந்தா அந்த மூடியை மட்டும் கழட்டி அனுப்புங்க. தபால் செலவு நான் தர்றேன். 0.4 ஓம் காயில் நாலு பிரிக்காம இருக்கு, பதிலுக்கு அனுப்பி வைக்கிறேன். விக்கலுக்கு நான் பொறுப்பில்ல.